வளைவும் தாம்போதியும்

கார்த்திகை பிறந்து மாரி வலுத்துவிட்டால் எங்கள் பாடசாலையின் வரவுப் பதிவேடு தனிக்கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கும். அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்கின்ற நாள்களில் வகுப்பிலே சில வாங்குகள் வெறுமையாகிவிடும். அப்பிள்ளைகளுக்கு நோய் இல்லை. படிப்பில் வெறுப்பும் இல்லை. வீட்டுக்கும் பாடசாலைக்கும் நடுவே கிடக்கும் தாம்போதியின்மேல் இடுப்பளவு நீர் இழுத்தோடுகிறது, அவ்வளவே. வெள்ளம் வடியும்வரை அப்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை; அவர்களின் தந்தையருக்குக் கூலி இல்லை; கறந்த பாலுக்குச் சந்தை இல்லை; பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்கு மருத்துவமனை இல்லை.

அவ்வாறு மூன்று நாள் வராதிருந்த மாணவி ஒருத்தி, நாலாம் நாள் வந்தமர்ந்து, நூலொன்றிலிருந்த படத்தைக் காட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். தெமோதரையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் அது. பச்சை மலைகளுக்கு நடுவே கல்லும் செங்கல்லுமாய் எழுந்து நிற்கும் அப்பாலத்தின்மேல் புகையிரதம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“சேர், அந்தப் பள்ளத்துக்கு மேலால அவ்வளவு உயரமாக் கட்டத் தெரிஞ்சவைக்கு, எங்கட ஆத்துக்கு மேலால ஒரு சின்னப் பாலம் கட்டத் தெரியாதோ?”

அவள் மலையக வழிவந்த குடும்பத்துப் பிள்ளை. 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களுக்குப் பின் வன்னிக்கு வந்து, காடு திருத்திக் குடியேறிய குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். அவளுடைய முன்னோருள் யாரேனும் அந்த மலைப்பாதைகளிலே கல் சுமந்திருக்கவும் கூடும். ஆகவே அக்கேள்வியைப் பிள்ளைத்தனமான கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ‘அரசாங்கத்திடம் பணம் இல்லை’ என்று ஒரு வரியில் விடை சொல்லி முடித்திருக்கலாம். அது பொய்யான விடை என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

நான் தமிழ் படித்தவன், பொறியியலாளன் அல்லன். எனினும் அக்கேள்வியின் பொருட்டுப் பாலங்கள் எத்தனை வகையின, அவை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு வேறுபடுகின்றன, ஓரிடத்துக்கு ஒரு வகை ஏன் வாய்க்கிறது, இன்னோரிடத்துக்கு எவ்வகையும் ஏன் வாய்ப்பதில்லை என்பவற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது. விடையின் ஒரு பாதி பொறியியலிலும் மறுபாதி வரலாற்றிலும் இருக்கக் கண்டேன். அவ்விரு பாதிகளையும் இங்கே ஒன்றுசேர்த்து வைக்கிறேன்.

பாலம் என்பது யாது? நடுவெளியில் நிற்கும் பாரத்தைக் கரைக்கோ தூணுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடே பாலம். வண்டியின் பாரமும் பாலத்தின் சொந்தப் பாரமும் ஏதோ ஒரு வழியாக நிலத்தைச் சென்றடைந்தாக வேண்டும். அவ்வழி எது என்பதைக் கொண்டே பாலங்களை வகைப்படுத்துகிறார்கள். வளைவை எதிர்த்துத் தாங்குதல், நெருக்குண்டு தாங்குதல், இழுபட்டுத் தாங்குதல் என்று அடிப்படை வழிகள் மூன்றே. உலகத்துப் பாலங்கள் யாவும் இம்மூன்றில் ஒன்றாகவோ இவற்றின் கலப்பாகவோ அமைந்தவை.

முதலாவது உத்தரப் பாலம். வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு பனங்குற்றிகளைப் போட்டு நடந்துபோகும் எங்கள் கமக்காரன் மனிதகுலத்தின் மிகப் பழைய பாலத்தையே மீண்டும் மீண்டும் கட்டிவருகிறான். குற்றியின் நடுவே ஒருவன் நிற்கும்போது அது சற்றே கீழ்நோக்கி வளைகிறது. அப்போது குற்றியின் மேற்புறம் நெருக்குண்ணும், அடிப்புறம் இழுபடும். மரம் இவ்விரண்டையும் ஓரளவு தாங்கும். கல்லோ நெருக்குவதைத் தாங்குமேயன்றி இழுப்பதைத் தாங்காது. மிகிந்தலைக்கு அண்மையில், மகாகனதராவையில், பழைய கற்பாலம் ஒன்றின் சிதைவுகள் உள்ளன. கற்றூண்களை நட்டு அவற்றின்மேல் கல் உத்தரங்களைக் கிடத்திக் கட்டிய பாலம் அது. அவ்வகைப் பாலத்தில் தூண்கள் நெருங்கியே நிற்க வேண்டும். நீளமான கல் உத்தரம் ஒன்றைத் தூர இடைவெளியில் வைத்தால் அடிப்புறம் வெடித்துப் பிளந்துவிடும் என்பதை அக்காலத்துக் கற்றச்சர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இக்குறைக்கு மருந்து கண்டவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான யோசேப் மொனியே. சீமெந்துப் பூந்தொட்டிகள் உடைந்துபோவதைத் தடுக்க அவர் அவற்றினுள் இரும்புக் கம்பிவலையை வைத்து வார்த்தார். 1867இல் அதற்கு உரிமமும் பெற்றார். 1875இல் அதே முறையிலே சாசலே என்ற இடத்தில் ஒரு சிறு பாலத்தையும் கட்டினார். நெருக்குவதைக் கொங்கிறீற்றுத் தாங்கும். இழுப்பதை அடிப்புறத்திலே கிடக்கும் கம்பி தாங்கும். இன்று வன்னி வீதிகளிலே நாம் காணும் சிறு பாலங்களுள் மிகப் பல இத்தத்துவத்தின்மேல் நிற்பவை. பலகை ஒன்றைத் தட்டையாக வைத்தால் எளிதில் வளைவதும், அதையே விளிம்பில் நிறுத்தி வைத்தால் விறைத்து நிற்பதும் எல்லோரும் அறிந்ததே. உத்தரத்தின் ஆழத்தை இரட்டித்தால் அதன் வலிமை நான்கு மடங்காகும். பாலத்து உத்தரங்கள் அகலத்தில் ஒடுங்கியும் ஆழத்தில் மிகுந்தும் இருப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது வளைவுப் பாலம். கல்லால் இழுவிசையைத் தாங்க முடியாதென்றால், இழுவிசையே தோன்றாதபடி கல்லை அடுக்கிவிட்டால் என்ன? அதுதான் வளைவு. வளைவிலுள்ள ஒவ்வொரு கல்லும் தன் இருபக்கத்துக் கற்களாலும் நெருக்குண்டு நிற்கிறது. மேலே பாரம் கூடக்கூட நெருக்கமும் கூடுகிறதேயன்றிக் கல் விலகுவதில்லை. உரோமர் கட்டிய வளைவுகள் ஈராயிரம் ஆண்டு கடந்தும் நிற்பதற்கு இதுவே காரணம். ஆயினும் வளைவுக்கும் ஒரு விலை உண்டு. அது தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டும் செலுத்துவதில்லை. இரு கரைகளையும் வெளிநோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளலைத் தாங்கப் பாறை போன்ற உறுதியான கரை வேண்டும். வளைவு மூடும்வரை கற்களைத் தாங்கி நிற்கப் பெரிய சாரமும் வேண்டும்.

ஆகவே, மாணவியின் கேள்விக்கு முதற்பாதி விடையை இங்கேயே சொல்லிவிடலாம். தெமோதரைப் பாலம் எங்கள் ஆற்றுக்குப் பொருந்தாது. அங்கே ஆழமான பள்ளத்தாக்கு; இருமருங்கும் மலை. இங்கே மணலும் களியும் படிந்த சமதரை. கோடையிலே வற்றிக் கிடந்து மாரியிலே அகன்று பரந்தோடும் ஆறு. அவ்வளைவை இங்கே கொண்டுவந்து வைத்தால் வீண் செலவே மிஞ்சும். இது பொறியியல் தரும் நேர்மையான விடை. இதை மறைத்துவிட்டு ஆவேசம் பேசுவது ஆசிரியனுக்கு அழகாகாது.

ஆனால் அப்பள்ளத்தாக்கில் பாலம் எழுந்தது அங்கே மலை இருந்ததனால் மட்டுமோ? கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1867இல் கண்டியை அடைந்தது. அது கோப்பிக்காகப் போடப்பட்ட பாதை. கோப்பி நோயால் அழிந்து தேயிலை தழைத்தபோது பாதையும் மேலே ஏறியது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. அவ்வழியில்தான் 1921இல் ஒன்பது வளைவுப் பாலம் முற்றுப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 91 மீற்றர். உயரம் ஏறத்தாழ 24 மீற்றர். உருக்கு உத்தரங்கள் இன்றிக் கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றாலேயே அதைக் கட்டினர். தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்தைச் சேர வேண்டும் என்பதற்காக மலைகள் குடையப்பட்டன, பள்ளங்கள் தாண்டப்பட்டன. எந்தச் செலவும் மிகையாகத் தோன்றவில்லை.

அத்தோட்டங்களுக்கு உழைக்க வந்த மக்களுக்கு என்ன பாதை கிடைத்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், வன்னிக் காடுகளின் ஓரமாக மாத்தளைவரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தோர் பல்லாயிரவர். அவர்கள் கடந்த ஆறுகளுக்கு வளைவும் இல்லை, உத்தரமும் இல்லை. பாலத்தின் வகையைத் தீர்மானிப்பதில் கரையின் தன்மைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கடந்து போவது எது, யார் என்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. வரலாறு தரும் மறுபாதி விடை இங்கேதான் தொடங்குகிறது.

இன்னும் சற்றுப் பின்னே போய்ப் பார்ப்போம். 1822இல் கொழும்புக்கு அருகே களனி ஆற்றின்மேல் படகுகளை வரிசையாகக் கட்டி மிதவைப் பாலம் ஒன்றை ஆங்கிலேயர் அமைத்தனர். மிதவைப் பாலத்திலே பாரத்தைத் தாங்குவது தூணன்று, நீரே. படகு செல்ல வேண்டுமாயின் பாலத்தின் ஒரு பகுதியைக் கழற்றி விலக்கவேண்டும். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வரும்வரை அதுவே தலைநகரின் வாயிலாக இருந்தது. அதே கண்டி வீதியில், பேராதனையில், மகாவலியின்மேல் 1833இல் மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. 205 அடி அகலத்தை ஒரே தாவலில் கடந்த அப்பாலத்தில் ஆணியோ திருகாணியோ இல்லை என்பர். மரமோ முதிரை, நம் வன்னிக் காட்டிலும் வளர்கின்ற அதே முதிரை. 1905இல் அதை அகற்றி உருக்குப் பாலம் போட்டனர்.

அவ்வீதி எதற்காக வெட்டப்பட்டது? 1815இல் கைக்கு வந்து 1818இல் கிளர்ந்தெழுந்த கண்டிநாட்டைப் படையால் அடக்கிவைப்பதற்கு. யாருடைய உழைப்பால்? இராசகாரியம் என்ற பெயரில் குடிமக்களிடம் கூலியின்றிக் கறக்கப்பட்ட கட்டாய உழைப்புக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அம்முறை 1832இலேயே ஒழிக்கப்பட்டது. பேராதனையின் மரவளைவைப் புகழ்ந்து எழுதியோர் பலர். வீதி வெட்டிய சிங்களக் குடியானவனைப் பற்றி எழுதியோர் சிலரே. மலைநாட்டுத் தமிழ்க் கூலியும் கண்டிச் சிங்களக் குடியானவனும் ஒரே வீதியின் இரு முனைகளிலும் சுமை சுமந்தவர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சட்டகப் பாலம். நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு பக்கத்தைத் தள்ளிப் பாருங்கள்; சதுரம் சரிந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டித் தள்ளுங்கள், அது அசையாது. இந்த எளிய உண்மையே சட்டகப் பாலத்தின் உயிர். முக்கோணங்களை வரிசையாகத் தொடுத்தால், சில கம்பங்கள் நெருக்கத்தையும் சில கம்பங்கள் இழுவையையும் பகிர்ந்துகொள்ளும். தடித்த உத்தரம் ஒன்று செய்யும் வேலையை மெல்லிய கம்பங்கள் பல கூடிச் செய்கின்றன. இரும்பும் உருக்கும் மலிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இருப்புப்பாதையோடு சேர்ந்து இவ்வகை உலகெங்கும் பரவியது. மட்டக்களப்பு வாவியின்மேல் 1920களில் எழுந்த கல்லடிப் பாலம் நம் நாட்டில் இவ்வகைக்குப் பெயர்பெற்ற சான்று. 2013இல் அதன் பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டது.

திறந்து மூடும் பாலத்துக்குப் பாம்பன் சான்றாகும். 1914இல் திறக்கப்பட்ட அப்பாலம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளமுடையது. அதன் பெரும்பகுதி தூண்களின்மேல் கிடத்திய 145 சிறு இரும்பு உத்தரங்கள். நடுவே கப்பலுக்கு வழிவிட மேலெழுந்து திறக்கும் இருபாதிச் சட்டகம். அதைத் தொழிலாளர் கையாலேயே நெம்பித் திறந்தனர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடவும், மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வரவும் அப்பாலம் வழிதிறந்தது. 1964 டிசெம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியையும் அங்கே வந்துகொண்டிருந்த புகையிரதத்தையும் பயணிகளோடு விழுங்கியது. பாலத்தின் 126 உத்தரங்களும் அடித்துச் செல்லப்பட்டன. 46 நாள்களில் அப்பாலம் மீண்டும் சீராக்கப்பட்டது. மனம் வைத்தால் பாலம் எத்தனை விரைவாக எழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 2025 ஏப்பிரலில் பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதியான 72.5 மீற்றர் நீளச் சட்டகம் அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது.

சட்டகப் பாலத்தின் ஒரு பிள்ளை வன்னியிலே நன்கு அறிமுகமானது. அது பெய்லிப் பாலம். இரண்டாம் உலகப்போரின்போது, 1940–41இல், டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் அதை வகுத்தார். 10 அடி நீளமும் 5 அடி உயரமும் உள்ள உருக்குச் சட்டகத் துண்டு ஒன்றை ஆறுபேர் தூக்கிவிடலாம். அத்துண்டுகளை ஊசியாணியால் ஒன்றோடொன்று கோத்து ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு உந்தித் தள்ளினால் பாலம் ஆயிற்று. பாரந்தூக்கி வேண்டாம், ஆற்றினுள் இறங்கவும் வேண்டாம். படை விரைவாகக் கடக்கக் கண்ட உபாயம், இன்று வெள்ளத்தால் துண்டுபட்ட ஊரை மீட்கும் கருவியாகியிருக்கிறது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபோது வீதிகளும் பாலங்களும் நாடெங்கும் அழிந்தன. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இந்தியப் படைப் பொறியியலாளர் 120 அடி நீளப் பெய்லிப் பாலம் ஒன்றை அமைத்தனர். டிசெம்பரிலேயே அது போக்குவரவுக்குத் திறக்கப்பட்டது. பன்னிரண்டு துண்டுகளின் நீளம், அவ்வளவே. நன்றியோடு ஏற்க வேண்டிய உதவி அது. ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெய்லிப் பாலம் இடைக்காலத்துக்கென்று பிறந்தது. ஏழை மக்களின் ஊர்களிலே இடைக்காலம் என்பது பல சமயங்களில் ஒரு தலைமுறையாக நீண்டுவிடுகிறது.

நான்காவது நெடுங்கைப் பாலம். இதை வகுப்பிலேயே செய்து காட்டினேன். ஸ்கொத்லாந்தின் போர்த் பாலத்தைக் கட்டிய பொறியியலாளர் மக்களுக்கு அதை விளக்கிய முறையும் இதுவே. இரு மாணவர் கதிரைகளில் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினர். நீட்டிய கைகளிலிருந்து கதிரையின் அடிக்குச் சாய்வாகத் தடிகள். வெளிப்பக்கக் கைகளில் கல் நிரப்பிய சாக்குகள் எதிர்ப்பாரமாகத் தொங்கின. உட்பக்கக் கைகளுக்கு நடுவே ஒரு பலகை. அதன்மேல் கேள்வி கேட்ட மாணவி அமர்ந்தாள். விழுந்துவிடுவேனோ என்று முதலில் அஞ்சியவள், கால்கள் நிலத்தைவிட்டு எழுந்ததும் சிரித்துவிட்டாள். நீட்டிய கை இழுபடுகிறது. சாய்ந்த தடி நெருக்குண்ணுகிறது. எதிர்ப்பாரம் சமன் செய்கிறது. 1890இல் திறந்த போர்த் பாலமும் 1943இல் திறந்த கல்கத்தாவின் ஹவுராப் பாலமும் இவ்வகையின. கனடாவில், கியூபெக் நகரருகே, இவ்வகைப் பாலம் ஒன்று கட்டப்படும்போதே 1907இல் இடிந்து விழுந்து 75 தொழிலாளரைக் கொன்றது. பாலத்தின் சொந்தப் பாரத்தைக் குறைத்துக் கணக்கிட்டிருந்தனர்; கம்பங்கள் நெளிவதைக் கண்டபின்னும் வேலையை உரிய காலத்தில் நிறுத்தவில்லை. காகிதத்தில் செய்த பிழைக்கு மேலே நின்று வேலை செய்தவன் உயிரைக் கொடுத்தான்.

ஐந்தாவது தொங்குபாலம். இங்கே பாரத்தைத் தாங்குவது இழுவை. பேரு நாட்டில் அபுரிமாக் ஆற்றின்மேல் புல்லால் திரித்த கயிற்றுப் பாலம் ஒன்று இன்றும் உண்டு. கெஸ்வாச்சாக்கா என்பது அதன் பெயர். ஒவ்வோர் ஆண்டும் சுற்றுவட்ட ஊரவர் கூடிப் பழைய பாலத்தை அறுத்துவிட்டுப் புதிதாகத் திரித்துக் கட்டுகிறார்கள். பெண்கள் புல்லைத் திரிக்கிறார்கள். ஆண்கள் வடத்தை இழுத்துக் கட்டுகிறார்கள். அங்கே கூலி என்ற பேச்சில்லை. பாலம் எல்லோருக்கும் பொது, ஆதலால் வேலையும் பொது. புல்லின் இடத்திலே உருக்குக் கம்பியை வைத்தபோது தொங்குபாலம் மாபெரும் உருவெடுத்தது. 1937இல் சான்பிரான்சிஸ்கோவில் திறந்த பொன்வாயிற் பாலத்தின் நடுத்தாவல் 1280 மீற்றர். அதைக் கட்டும்போது கீழே வலை விரித்திருந்தனர். தவறி விழுந்த 19 தொழிலாளரை அவ்வலை காத்தது.

கோபுரங்களிலிருந்து நேரே சாய்வாகக் கம்பிவடங்களை இழுத்துப் பாலத்தளத்தைத் தாங்கும் முறை பிந்தியது. அதனைக் ‘கம்பிவடப் பாலம்’ எனலாம். தொங்குபாலத்தில் முதன்மை வடம் கரையிலிருந்து கரைக்குத் தொங்க, தளம் அதிலிருந்து தொங்குகிறது; கம்பிவடப் பாலத்திலோ ஒவ்வொரு வடமும் தளத்தை நேராகவே கோபுரத்தோடு பிணைக்கிறது. களனியின்மேல் 2021 நவெம்பரில் திறந்த புதிய பாலம் இதற்கும் உத்தரப் பாலத்துக்கும் இடைப்பட்ட வகையைச் சேர்ந்தது. பெயரைக் கண்டு வகையை முடிவுசெய்துவிடலாகாது என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்ப் பாலம் சான்று. தொங்குபாலம் என்று அதனை மக்கள் அழைப்பர். உண்மையில் அது 28 தூண்களின்மேல் நிற்கும் நீர்த்தொட்டி. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்துத் திட்டத்தால் 1960களில் எழுந்த அத்தொட்டி, ஒரு மலையிலிருந்து மறுமலைக்குக் கமத்துக்கான நீரைக் கொண்டுசெல்கிறது. உயரம் 115 அடி. தேயிலைக்காக மட்டுமன்றி, வயலுக்காகவும் பள்ளத்தாக்கைத் தாண்டலாம் என்பதை அது காட்டுகிறது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். பொறியியல் நூல்கள் இரண்டொரு வரியிலே முடித்துவிடும் மூன்று வகைகளே வன்னியின் பெருவகைகள். ஒன்று மதகு, வீதிக்கு அடியில் குழாயோ பெட்டியோ வைத்துச் சிற்றோடையைக் கடத்திவிடுவது. இரண்டு தாம்போதி, ஆற்றின் படுகையிலேயே தாழ்வாக வீதியை இட்டு, வெள்ளம் வந்தால் அதன்மேலாகவே ஓட விட்டுவிடுவது. மூன்று ‘பாதை’, ஆழமான நீரிலே ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நம்மவர் அப்பெயராலேயே அழைத்தனர். வீதி இல்லாத இடத்திலே மிதவையே பாதையாயிற்று போலும்.

தாம்போதி தன்னளவில் இழிந்த வகையன்று. ஆண்டின் பெரும்பகுதி வற்றிக் கிடக்கும் ஆற்றுக்கு, குறைந்த செலவிலே அமைக்கக்கூடிய அறிவுள்ள ஏற்பாடு அது. ஆனால் அதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. ‘ஆண்டிலே சில நாள்கள் இவ்வூர் மக்கள் கடக்கவேண்டியதில்லை’ என்று யாரோ ஒருவர் எங்கோ இருந்து எடுத்த முடிவு அது. அச்சில நாள்கள் எவை? விதைத்த வயலுக்கு ஓட வேண்டிய நாள்கள்; பரீட்சை நெருங்கும் நாள்கள்; காய்ச்சல் பரவும் நாள்கள்.

கடக்க முடியாமையின் விலையை வன்னி மக்களைவிட அறிந்தவர் யார்? குடாநாட்டையும் பெருநிலத்தையும் தரைவழியே இணைக்கும் ஒடுங்கிய கழுத்து ஆனையிறவு. 1905இல் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்து முற்றுப்பெற்ற புகையிரதப் பாதையும் கண்டி வீதியும் அக்கழுத்தின் வழியாகவே சென்றன. 1990இல் புகையிரதம் நின்றது. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டபோது, 1990களின் முற்பகுதியில் மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே சிறு படகுகளில் கடந்தனர். நோயாளியும் மாணவனும் வியாபாரியும் ஒரே படகிலே இருளை நம்பிச் சென்றனர். பலர் கரை சேரவில்லை. 2014 ஒக்டோபரிலேதான் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

அக்கராயனுக்கு வடமேற்கே, பூநகரிக்கு அப்பால், சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே முன்னர் ஓடியது ‘பாதை’. அவ்விடத்தில் 288 மீற்றர் நீளப் பாலம் 2011 சனவரியிலே திறக்கப்பட்டது. அதனால் யாழ்ப்பாணம்–மன்னார்ப் பயணம் ஆனையிறவைச் சுற்றாமலே இயல்வதாயிற்று. ஆழமான நீருக்குப் பாலம் கட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. மறுபக்கத்திலே முல்லைத்தீவின் வட்டுவாகல். நந்திக்கடலின்மேல் தாழ்ந்து நீண்டு கிடக்கும் அப்பழைய பாலத்தின் வழியாகத்தான் 2009 மே மாதத்தில் பல்லாயிரக்கணக்கான மக்கள் எல்லாவற்றையும் இழந்து நடந்து வந்தனர். போர் முடிந்த பின்னரும் அப்பாலம் ஒவ்வொரு மாரியிலும் நீரில் மூழ்கியே வந்தது. 2025 செப்டெம்பரிலேதான் அங்கே புதிய பாலத்துக்கான வேலை தொடக்கிவைக்கப்பட்டது. இடையிலே பதினாறு ஆண்டுகள்.

ஏன் இத்தனை தாமதம்? பாலம் வேண்டி மனுக்கொடுத்தால் அலுவலகங்களில் முதலிலே எழும் கேள்வி, ‘நாளொன்றுக்கு எத்தனை வாகனம் போகிறது?’ என்பதே. வாகனங்கள் குறைவு, ஆகவே பாலம் தேவையில்லை. பாலம் இல்லை, ஆகவே வாகனங்கள் வருவதில்லை. இக்கணக்கிலே சைக்கிளில் வரும் பிள்ளை ஒரு வாகனமாக எண்ணப்படுவாளா? நீரைக் கண்டு திரும்பிப்போன கர்ப்பிணிப் பெண்ணை எந்தப் பத்தியிலே எழுதுவார்கள்? கடந்தவர்களை எண்ணும் கணக்கு அது. கடக்க முடியாமல் நின்றவர்களை எண்ணும் கணக்கு ஒன்று நமக்கு வேண்டும்.

இதைத்தான் அம்மாணவிக்கு இறுதியாகச் சொன்னேன். “பிள்ளை, உன் ஆற்றுக்கு ஒன்பது வளைவு வேண்டியதில்லை. வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்ந்து, வெள்ளம் கீழே ஓட இடம்விட்டு, நாலைந்து தாவலில் நிற்கும் கொங்கிறீற்று உத்தரப் பாலம் போதும். மனிதன் அதைக் கட்டக் கற்று நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. கட்டத் தெரியாமல் விடவில்லை. நீ கடக்க வேண்டும் என்பது இன்னும் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. அந்தக் கணக்கை நாமே எழுதுவோம்.”

அந்த மாரியிலிருந்து எங்கள் வகுப்பிலே தனிப் பதிவேடு ஒன்று இருக்கிறது. தாம்போதியின் ஓரத்துக் கம்பத்தில் மாணவர் அடி, அங்குலம் குறித்திருக்கிறார்கள். நீர் எந்த நாளில் எவ்வளவு ஏறியது, எத்தனை நாள் நின்றது, எத்தனை பிள்ளைகள் வரவில்லை, எத்தனை நோயாளர் சுற்றுவழியில் கொண்டு செல்லப்பட்டனர், எவ்வளவு பால் ஊற்றிக் கொட்டப்பட்டது என்பவற்றை அவர்களே கேட்டறிந்து எழுதுகிறார்கள். நீருக்குள் யாரும் இறங்கலாகாது. கரையில் நின்றே அளக்க வேண்டும் என்பது முதல் விதி. கணித ஆசிரியர் வரைபடம் போடக் கற்பித்தார். நான் விண்ணப்பம் எழுதக் கற்பித்தேன். பதிவேட்டின் படி ஒன்று உரிய அலுவலகத்துக்குப் போயிற்று. விடை இன்னும் வரவில்லை. அடுத்த மாரியின் கணக்கையும் சேர்த்து மீண்டும் அனுப்புவோம்.

இப்பக்கங்களைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஒரு தாம்போதி இருக்கும். சிதைந்த மதகு ஒன்று இருக்கும். இடைக்காலத்துக்கென்று போட்டு நிலைத்துவிட்ட இரும்புப் பாலம் ஒன்று இருக்கும். அது எவ்வகைப் பாலம், பாரத்தை எவ்வழியே நிலத்துக்குக் கொண்டுசெல்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதை யார் கட்டினார்கள், யாருக்காகக் கட்டினார்கள் என்பதையும் கூடவே சொல்லுங்கள். பிறகு ஓர் அளவுகோலையும் ஒரு கொப்பியையும் அவர்கள் கையிலே கொடுங்கள்.